கடும் பதற்றத்துக்கு முதல்முறை வைத்தியம் தேடிப் போகிறவர்களுக்கு

காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது, மூச்சு பாதியில் நிற்கிறது, இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. பத்து இருபது நிமிடத்தில் அடங்குகிறது. அப்புறம் அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்திலேயே மீதி நாள் போகிறது. இல்லையென்றால், அப்படி அலையாக வராமல், விடிந்ததிலிருந்து படுக்கும்வரை மனசு ஏதோ ஒரு கெட்ட செய்தியை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது, சோறு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை. இந்த நிலையில் இருப்பவருக்கும், இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் தவிப்பவருக்கும் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. பதினான்கு மாதம் இதில் கிடந்து எழுந்தவன். அதில் முதல் பத்து மாதம் தவறான இடங்களில் போனது. அந்தப் பத்து மாதம் உங்களுக்கு வேண்டாம்.

எனக்குத் தொடங்கியது மின்சார ரயிலில். குரோம்பேட்டையில் ஏறி கிண்டிக்கு வேலைக்குப் போகிறவன். ஒருநாள் மீனம்பாக்கம் தாண்டியதும் நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் நுனி மரத்துப்போனது, பழவந்தாங்கலில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனால் ஈசிஜி நார்மல், கேஸ் ட்ரபிள் என்று ஒரு ஊசி. வீட்டுக்கு வந்தால் அம்மா கையில் ஓமத் தண்ணீர். அடுத்த ஆறு மாதத்தில் ஐந்து ஈசிஜி, இரண்டு எக்கோ, ஒரு ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்தேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் நார்மல் என்று வந்ததும் இரண்டு நாள் நிம்மதியாக இருக்கும். மூன்றாம் நாள், ஒருவேளை மெஷினில் தெரியாமல் போயிருந்தால் என்று ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு நாள் நிம்மதியைத்தான் நான் வைத்தியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆறுதல் கொடுப்பதும் குணப்படுத்துவதும் வேறு வேறு என்று புரியவே எனக்கு அவ்வளவு நாள் ஆனது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்த வித்தியாசத்தைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

உடம்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்

முதலில் ஒரு பொது மருத்துவர். ஈசிஜி, ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, இவ்வளவு போதும், வேறு ஏதாவது தேவைப்பட்டால் அவரே சொல்வார். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, நடுக்கம், வியர்வை, எடை குறைவது எல்லாம் பதற்றம் மாதிரியே இருக்கும், ரத்தசோகையிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆஸ்துமா மருந்து சாப்பிடுகிறீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை காபி, குடிப்பழக்கம் உண்டா என்பதையும் சொல்லிவிடுங்கள். தினமும் குடிப்பவருக்குக் காலையில் வரும் நடுக்கமும் பதற்றமும் பெரும்பாலும் முந்தின நாள் குடி இறங்குவதால் வருவது.

ஒரு எச்சரிக்கை. முதல்முறை நெஞ்சுவலி வருகிறது, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, அல்லது சர்க்கரை, பிரஷர் இருக்கிறது என்றால் இது பதற்றம்தான் என்று நீங்களே முடிவு பண்ணாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு அந்த ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் போட்டு மூடிவையுங்கள். மருத்துவர் கேட்டால் ஒழிய இரண்டாம் தடவை எடுக்காதீர்கள்.

இப்போது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வையுங்கள்

ஜிஏடி-7 என்று ஒரு சின்னக் கேள்வித்தாள் இருக்கிறது, 2006-இல் வந்தது, உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தீர்கள், கவலையை நிறுத்த முடியவில்லையா, நிம்மதியாக உட்கார முடிகிறதா என்று ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பதினைந்தோ அதற்கு மேலோ என்றால் கடுமையானது. இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை, வெயிட் மெஷின் மாதிரி ஒன்று. தேதி போட்டு எழுதிவைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்ற கேள்விக்குப் பின்னால் இதுதான் பதில் சொல்லும். அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுத்தால், ஒரு மோசமான நாளில் எல்லாமே வீண் என்று தோன்றிவிடும்.

கூடவே ஒரு வாரம் ஒரு நோட்டில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது வந்தது, அப்போது என்ன நடந்துவிடும் என்று பயந்தீர்கள், அதைத் தடுக்க என்ன செய்தீர்கள். இந்த மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. ரயில் கதவோரம் நின்றுகொள்வது, பையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்பாதது, மனைவிக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் போடுவது, நாடியைத் தொட்டுப் பார்ப்பது என்று என் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. பின்னால் என் சிகிச்சை அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தது.

யாரிடம் போவது

மூன்று பேரை நம் ஊரில் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். சைக்கியாட்ரிஸ்ட் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் எம்டி, டிஎன்பி அல்லது டிபிஎம் படித்த மருத்துவர், மாத்திரை எழுதுகிறவர் அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார், பேச்சு வழி சிகிச்சை கொடுப்பார், பெரும்பாலும் எம்ஃபில் முடித்திருப்பார், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டால் சொல்லுவார், தயங்காமல் கேளுங்கள். மூன்றாவது கவுன்சிலர். நல்ல கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடிகிறது. கடுமையான பதற்றத்துக்கு அங்கே தொடங்க வேண்டாம்.

வேலைக்குப் போக முடியவில்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை என்கிற அளவுக்கு இருந்தால் சைக்கியாட்ரிஸ்டிடம் தொடங்குங்கள். கையில் பணம் இல்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். காலையில் போய் ஓபி சீட்டு வாங்கினால் மருந்தும் அங்கேயே இலவசம். கூட்டம் இருக்கும், அரை நாள் போகும் என்று மனதை தயார் பண்ணிக்கொண்டு போங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது. அந்தப் பெயரை வைத்து நம் ஊரில் எவ்வளவு பேரைக் கேலி செய்திருப்போம், அதனாலேயே அந்த வாசலுக்குப் போகக் கால் கூசும். அங்கே தினமும் புறநோயாளியாக வந்து மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்ற பயம் தேவையே இல்லை.

எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 14416-க்கு போன் பண்ணுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் சேவை, 2022 அக்டோபரில் வந்தது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் எந்த மருத்துவமனை என்று அவர்களையே கேட்கலாம்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உடல் நோய்க்குக் கொடுக்கிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு கொடுத்தாக வேண்டும். ஆனால் பல பாலிசிகளில் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் வரும், ஓபி செலவு வராது. உங்கள் பாலிசியைப் படித்துவிடுங்கள்.

கோவிலுக்குப் போவதையும் மந்திரிப்பதையும் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். என் அம்மா கட்டிவிட்ட கயிற்றோடுதான் நான் மருத்துவரிடம் போனேன். அங்கே போவதால் இங்கே போவதைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி.

முதல் நாள் ஒரு தாளோடு போங்கள்

நேரம் குறைவாகக் கிடைக்கும், வாய் குழறும், முக்கியமானதை வெளியே வந்த பிறகுதான் நினைவுக்குக் கொண்டுவருவோம். அதனால் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, வாரத்துக்கு எத்தனை தடவை, இதனால் என்னென்ன செய்ய முடியாமல் போனது, ஜிஏடி-7 எண், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையும், அதில் நாட்டு மருந்தும் சேர்த்தி. சொல்லக் கூச்சப்படும் விஷயங்கள்தான் அதிகம் தேவைப்படும். குடி, கஞ்சா, கடையில் வாங்கிப் போடும் தூக்க மாத்திரை, செத்துவிடலாம் என்று வந்த எண்ணம், கர்ப்பம் அல்லது அதற்கான முயற்சி, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா. வீட்டில் ஒருவரோ நீங்களோ எப்போதாவது நாள் கணக்கில் தூங்காமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, காசை வாரி இறைத்து இருந்ததுண்டு என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள், மாத்திரையின் தேர்வே அதை வைத்து மாறும்.

திரும்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு என்ன இருக்கிறது, அதன் பெயர் என்ன? இந்த மாத்திரை வேலை செய்ய எத்தனை வாரம் ஆகும்? பேச்சு வழி சிகிச்சைக்கு யாரைப் பார்க்க வேண்டும்? பெயர் முக்கியம். திடீரென்று அலையாக வரும் பயம் (பேனிக் டிஸார்டர்), எந்நேரமும் கவலை, நாலு பேர் முன்னால் பேசப் பயம், வேண்டாத எண்ணம் வந்துகொண்டே இருந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி, விபத்துக்குப் பின் வரும் பயம் எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் பதற்றம்தான், ஆனால் பயிற்சி ஒவ்வொன்றுக்கும் வேறு.

மாத்திரை

இரண்டு வகை உண்டு. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்ததால்தான் எனக்கு எட்டு மாதம் போனது.

முதல் வகை எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், வென்லாஃபாக்ஸின் மாதிரியானவை. சாப்பிட்ட அன்றே ஒன்றும் தெரியாது. இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். அதைவிட முக்கியமானது, முதல் ஒன்றிரண்டு வாரத்தில் படபடப்பு கூடலாம், குமட்டல், வயிற்றுப்போக்கு, தூக்கம் கெடுவது வரலாம். பலர் அங்கேதான் தூக்கிப்போட்டுவிட்டு இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். எஸ்சிடலோபிராம் என்றால் பெரும்பாலும் 5 மில்லிகிராமில் தொடங்கி 10-க்கு ஏற்றுவார்கள், சிலருக்கு 20 வரை போகும். தாம்பத்திய ஆசை குறைவதும் இதன் பக்கவிளைவு, யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள் சொன்னால் மருத்துவர் மாத்திரையை மாற்றவோ அளவைச் சரிசெய்யவோ முடியும். இளவயதுக்காரர்களுக்கு, முக்கியமாக 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், வீட்டில் ஒருவர் கூடவே கவனித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம். இவை அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஆளை அமைதியாக்கிவிடும். முதல் தடவை போட்டபோது எனக்கு யாரோ வயிற்றுக்குள் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மருத்துவர் பத்து நாளுக்குத்தான் எழுதினார். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது, ஆனால் தெரிந்த மெடிக்கலில் அந்தப் பழைய சீட்டைக் காட்டி எட்டு மாதம் வாங்கினேன். 0.25 போதாமல் 0.5 ஆயிற்று. பிறகு மாத்திரை சட்டைப் பையில் இல்லாவிட்டால் வாசலைத் தாண்ட முடியாது என்ற நிலை. இவை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆரம்பத்தில் இரண்டிலிருந்து நான்கு வாரம் கைகொடுக்கும், அதற்கு மேல் உடம்பு பழகிவிடும். பழகிய பிறகு சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதனால் இப்போது தினமும் போட்டுக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். எனக்கு மருத்துவர் பத்து வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இதோடு மது சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தை இப்போதே திருப்பிப் பாருங்கள். எஸ்சிடலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்து நம் நாட்டில் நிறைய விற்கிறது. ஒரு மருந்துதான் சாப்பிடுகிறோம் என்று நினைத்து இரண்டு மூன்று வருடம் இதைச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையில் இரண்டு பெயர் இருந்தால், இரண்டாவதை எப்போது நிறுத்தப்போகிறோம் என்று அடுத்த தடவை கேட்டுவிடுங்கள். படபடப்புக்காகப் புரோபிரனலால் கொடுப்பார்கள், ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது, முன்கூட்டியே சொல்லுங்கள்.

சிபிடி என்றால் என்ன, உங்களுக்குக் கிடைப்பது அதுதானா

பதற்றத்துக்கு மாத்திரைக்கு இணையாகப் பலன் உள்ள சிகிச்சை என்று நிரூபிக்கப்பட்டது சிபிடி, சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை. பெரும்பாலும் 12-லிருந்து 16 அமர்வு, வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம் போல. முடிந்த பிறகும் பலன் நிற்கிறது என்பது இதன் பெரிய பலம். கஷ்டம் என்னவென்றால், சிபிடி என்று சொல்லிவிட்டு வாராவாரம் உங்கள் கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மூச்சுப் பயிற்சி சொல்லி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒருவரிடம் ஏழு வாரம் போனேன். அழுதுவிட்டு வருவேன், மனசு லேசாக இருக்கும், ரயில் ஏறத்தான் முடியாது.

இரண்டாவதாகப் பார்த்த சைக்காலஜிஸ்ட் மூன்றாம் அமர்விலேயே என் கையில் ஒரு ஜூஸ் ஸ்ட்ராவைக் கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் இதன் வழியாக மட்டும் மூச்சு விடுங்கள் என்றார். அதற்கு முன்னால் தாளில் எழுதச் சொன்னார்: என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? "மயங்கி விழுவேன், 80 சதவீதம்" என்று எழுதினேன். நாற்பதாவது நொடியில் ரயிலில் வந்த அதே மூச்சுமுட்டல், அதே நெஞ்சடிப்பு, அதே விரல் மரத்தல். ஸ்ட்ராவைத் துப்பிவிட்டேன். மறுபடி செய்யச் சொன்னார். அன்றைக்கு ஆறு தடவை செய்தேன். விழவில்லை. கடைசித் தடவை தாளில் 20 என்று எழுதினேன். அடுத்த வாரம் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார், அதற்கடுத்த வாரம் மூன்று மாடிப் படியில் ஓடவிட்டார்.

இதன் பின்னால் இருக்கும் விஷயத்தை ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் கிளார்க் 1986-இல் எழுதினார். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, அதை மாரடைப்பு என்று மூளை தப்பாகப் படிக்கிறது, பயத்தில் இன்னும் வேகமாக அடிக்கிறது, அதைப் பார்த்து இன்னும் பயம், இப்படிச் சுற்றிக்கொண்டே ஏறுகிறது. வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. மயங்கி விழ ரத்த அழுத்தம் இறங்க வேண்டும், பயத்தில் அது ஏறுகிறது, ஆகவே பேனிக்கில் மயங்கி விழுவது அரிது. இதை யாராவது வாயால் சொன்னால் நம்ப மாட்டோம், உடம்பு தானே அனுபவித்துப் பார்த்தால்தான் நம்புகிறது. என் ஐந்து ஈசிஜி கொடுக்காத நம்பிக்கையை அந்த ஸ்ட்ரா கொடுத்தது.

அப்புறம் ஒரு ஏணி போட்டோம். குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் பத்து நிமிடம் நிற்பது முதல் படி. மனைவியோடு பல்லாவரம் வரை. தனியாகப் பல்லாவரம் வரை. தனியாகத் திரிசூலம் தாண்டிப் பழவந்தாங்கல், அதே பெஞ்சில் உட்கார்ந்து திரும்புவது. கிண்டி வரை, கதவோரம் இல்லாமல் நடுவில் நின்று. கடைசிப் படி, பையில் தண்ணீரும் இல்லாமல் மாத்திரையும் இல்லாமல் காலை எட்டரை மணிக் கூட்டத்தில். ஒவ்வொரு படியும் பயம் பாதியாக இறங்கும்வரை திரும்பத் திரும்ப, வாரத்தில் ஐந்து நாள். பாதியில் இறங்கி ஓடினால் பயம்தான் வளரும், அதனால் படியைச் சின்னதாக வைத்துக்கொண்டு முழுசாக நிற்கச் சொன்னார்.

ஆக, புதிதாகப் பார்க்கும் சைக்காலஜிஸ்டிடம் இதைக் கேளுங்கள்: என்ன இலக்கு வைக்கப்போகிறோம், வீட்டில் செய்ய வேலை கொடுப்பீர்களா, நான் பயப்படுவதை நேரில் சந்திக்கும் பயிற்சி இதில் உண்டா, எத்தனை அமர்வில் பலன் பார்க்கலாம்? தெளிவான பதில் வந்தால் அவர் உங்களுக்கு ஏற்ற ஆள். ஓசிடி உள்ளவர்கள் இன்னும் கறாராகக் கேட்க வேண்டும், அவர்களுக்குக் கையைக் கழுவாமல், கதவைத் திரும்பப் பார்க்காமல் இருக்கும் பயிற்சிதான் சிகிச்சையின் உயிர். பணம் தட்டுப்பாடு என்றால் அரசு மருத்துவமனையில் சைக்காலஜிஸ்ட் இருக்கிறாரா என்று கேளுங்கள், மாதம் இரண்டு தடவை கிடைத்தாலும் ஏணியை வீட்டில் நீங்களே ஏறலாம்.

வேலை செய்யவில்லை என்று எப்போது முடிவு செய்வது

சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் மாத்திரை சாப்பிட்டும், ஜிஏடி-7 எண் நகரவே இல்லை என்றால் மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டி அளவைக் கூட்டுவதா, வேறு மாத்திரையா என்று பேசுங்கள். முதல் மாத்திரை எல்லோருக்கும் வேலை செய்வதில்லை, இரண்டாவதில் சரியானவர்கள் ஏராளம். சிபிடியிலும் எட்டு அமர்வில் ஏணியில் ஒரு படிகூட ஏறவில்லை என்றால் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு மருத்துவரை மாற்றிக்கொண்டே போவது மட்டும் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"தைரியமாக இரு" என்று சொல்லாதீர்கள், அது இல்லாமல்தான் அவர் தவிக்கிறார். அதே சமயம் அவருக்குப் பதிலாக எல்லாவற்றையும் நீங்களே செய்து கொடுப்பதும், ஒன்றும் ஆகாது என்று நாளுக்கு முப்பது தடவை உறுதி சொல்வதும் பயத்துக்குத் தீனி போடுகிறது. என் மனைவி ஒருமுறை சைக்காலஜிஸ்டிடம் வந்து கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு நான் ரயிலிலிருந்து போன் பண்ணினால், "பயமாக இருக்கு இல்ல, இருக்கட்டும், கிண்டியில் இறங்கிப் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைப் பிறகுதான் சொன்னாள்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். 14416 எந்நேரமும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108. முயற்சி செய்துவிட்டவரைக் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றுதான் 2017 சட்டம் எடுத்துக்கொள்கிறது.

நிறுத்துவது

சரியாகிவிட்டது என்று தோன்றுகிற வாரத்தில்தான் நிறையப் பேர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் தொடரச் சொல்வார்கள், அதன் பிறகு வாரக்கணக்கில் குறைத்து நிறுத்துவார்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், உடம்பில் மின்சாரம் பாய்வது மாதிரி உணர்வு எல்லாம் வரும், அதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துப் பயப்படுவோம்.

எனக்கு மாத்திரை நின்ற மூன்றாம் மாதம், ஒரு மழைநாளில், ரயில் மீனம்பாக்கத்தில் இருபது நிமிடம் நின்றபோது பழையபடி வந்தது. அன்றைக்கு இரவு நோட்டை எடுத்து ஏணியின் மூன்றாம் படிக்குப் போனேன், தனியாகப் பல்லாவரம் வரை. ஸ்ட்ராவையும் எடுத்தேன். பதினோராம் நாள் காலை எட்டரை மணி ரயிலில், கதவிலிருந்து தள்ளி நடுவில் நின்று, கிண்டியில் இறங்கினேன்.